லென்ஸ் இல்லை

2023 ஏப்ரலில் ஒரு ஃபிஷ்ஐ லென்ஸ் வாங்கினேன். செகண்ட் ஹாண்ட். விலை எட்டாயிரம் ரூபாய். வீட்டில் சொன்ன விலை மூவாயிரம். (இந்த வாரப் பத்திரிகை வந்ததும் முதல் ஆளாக எடுத்து ஒளித்து வைத்துவிட வேண்டும்.)

வந்த அன்றே பெட்டியைப் பிரித்து, காமிராவில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். திரையில் ஒரு வாசகம் வந்தது: 'லென்ஸ் இல்லை.' கழற்றி மறுபடி மாட்டினேன். 'லென்ஸ் இல்லை.' வேட்டி நுனியால் துடைத்து, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு மாட்டினேன். 'லென்ஸ் இல்லை.'

"மூவாயிரம் குடுத்து வாங்கினதை காமிராவே லென்ஸுன்னு ஒத்துக்க மாட்டேங்குதே" என்றாள் என் மனைவி. எட்டாயிரம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, தெரியாது.

காமிரா பேரிலும் தப்பில்லை. இந்தக் காலத்து லென்ஸ்களுக்குள் மோட்டார் உண்டு, சிப் உண்டு. மாட்டினவுடன் காமிராவோடு குசலம் விசாரித்து, 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ளும். விலை மலிவான மானுவல் லென்ஸில் அந்த உபசாரமெல்லாம் கிடையாது. கொஞ்சம் கண்ணாடி, கொஞ்சம் உலோகம், கையால் திருக இரண்டு வளையங்கள். ஒன்று ஃபோகஸுக்கு, இன்னொன்று அபர்ச்சருக்கு. அவ்வளவுதான். இப்படி வாயில்லாப் பூச்சியாக வந்து உட்கார்ந்தால் காமிரா அதை ஆளாகவே மதிப்பதில்லை. மெனுவுக்குள் புகுந்து தேடினால் 'லென்ஸ் இல்லாமலும் படம் எடு' என்று ஓர் ஆப்ஷன் இருக்கும். அதை ஆன் செய்தால் பிரச்னை தீர்ந்தது. எனக்கு இது தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை.

*

ஃபிஷ்ஐ என்றால் மீன் கண். மீனுக்கு உலகம் நிஜமாகவே அப்படித்தான் தெரிகிறதா என்று மீனைத்தான் கேட்க வேண்டும். காரைக்கால் பக்கத்தில் பிறந்தவன் மீனைப் பற்றிக் கேட்கிற ஒரே கேள்வி, குழம்பா வறுவலா என்பதுதான்.

ஆனால் குளத்தில் முங்கி, கண்ணைத் திறந்து, மேலே பார்த்தவர்களுக்கு விஷயம் ஓரளவு புரியும். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைகிறது. அதனால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கவிழ்ந்திருக்கிற மொத்த ஆகாயமும் சுமார் 97 டிகிரி கூம்புக்குள் அடங்கி, தலைக்கு மேல் ஒரு வட்டமாகத் தெரியும். ஓரத்தில் தென்னை மரங்கள், படித்துறையில் துணி துவைப்பவர்கள் எல்லாம் வளைந்து நிற்பார்கள்.

ராபர்ட் வுட் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைப் படம் பிடித்துக் காட்டினார். ஒரு வாளி. அடியில் போட்டோ தகடு. பாதி உயரத்தில் குட்டி லென்ஸும் ஊசித் துளையும். வாளி நிறையத் தண்ணீர். அலையடிக்காமலிருக்க மேலே ஒரு கண்ணாடித் தட்டு. காமிரா ரெடி! 1906ல் இதைக் கட்டுரையாக எழுதியபோது அவர் வைத்த பெயர்தான் ஃபிஷ்ஐ.

வாளியைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக முடியாதல்லவா? 1924ல் ராபின் ஹில் என்ற ஆங்கிலேயர் அதைக் கண்ணாடியிலேயே செய்தார். நோக்கம் போட்டோக் கலை அல்ல, மேகங்கள். ஆகாயம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்க அவருக்கு ஒரு லென்ஸ் தேவைப்பட்டது. பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? தாவரவியலில் ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் 'ஹில் வினை' என்று நெட்டுரு போட்டோமே, அந்த ஹில்தான் இவர். அப்போதே இந்த லென்ஸைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான் தாவரவியலில் இன்னும் நாலு மார்க் வாங்கியிருப்பேன்.

அப்புறம் நிக்கான் கம்பெனி 1962ல் 8 மில்லிமீட்டர் ஃபிஷ்ஐயைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதோடு நிற்காமல் பின்னால் 6 மில்லிமீட்டரில் ஒன்று செய்தார்கள். அதன் பார்வை 220 டிகிரி. அதாவது தனக்குப் பின்னால் நிற்பவனையும் கொஞ்சம் பார்த்துவிடும், நம் ஹெட்மாஸ்டர்கள் மாதிரி. எடை ஐந்து கிலோவுக்கு மேல். 2012ல் லண்டனில் அப்படி ஒரு லென்ஸ் விற்பனைக்கு வந்தபோது சொன்ன விலை ஒரு லட்சம் பவுண்ட். நம்மைப் போன்ற ஏழைபாழைகளுக்கு ரஷ்யாவின் ஜெனிடார், பெலாரஸின் பெலெங் எல்லாம் கைகொடுத்தன. பிறகு கொரியாவின் சம்யாங் வந்தது. இப்போது சீனாவிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. எல்லாம் கையால் திருகுகிற ஜாதி.

*

சாதாரண லென்ஸ் ஒரு சத்தியம் செய்து கொடுத்திருக்கிறது. வெளியே நேர்க்கோடாக இருப்பதைப் படத்திலும் நேர்க்கோடாகவே காட்டுவேன் என்று. நல்ல சத்தியம்தான். ஆனால் அதைக் காப்பாற்றிக்கொண்டு பார்வையை அகலப்படுத்திக்கொண்டே போனால், ஓரத்தில் இருப்பதெல்லாம் இழுபட்டு நீளும். 180 டிகிரியையும் காட்டு என்றால் அந்தப் படத்துக்கு எல்லையில்லாத அகலத்தில் பேப்பர் வேண்டும். அதனால் ஏதோ ஓர் இடத்தில் 'இதுக்கு மேல ஆள் ஏத்த முடியாது' என்று கண்டக்டர் மாதிரி விசில் ஊதி நிறுத்திவிடுகிறது. ஃபிஷ்ஐ அந்தச் சத்தியத்தை விட்டுவிடுகிறது. கோடு வளைந்தால் வளைந்துவிட்டுப் போகட்டும், எல்லோரும் உள்ளே வாங்க என்கிறது.

அந்த வசதி இல்லாத காலத்தில் மனுஷன் என்ன பாடுபட்டிருக்கிறான் என்பதற்கு நம் தஞ்சாவூரே சாட்சி. 1858ல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்காரர் பெரிய கோயிலைப் படமெடுக்க வந்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டு மொத்தமும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு படத்தில் அடங்குமா? கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து 21 படம் எடுத்து, வரிசையாக ஒட்டினார். கிட்டத்தட்ட 19 அடி நீளம். தஞ்சாவூர் வெயிலில் அந்தக் காலத்துக் காமிராவைத் தூக்கிக்கொண்டு இருபத்தோரு முறை! நான் மெனுவில் ஓர் ஆப்ஷனைத் தேடி இரண்டு நாள் அலுத்துக்கொண்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மானுவல் ஃபோகஸ் என்றதும் பயப்பட வேண்டாம். ஃபிஷ்ஐயில் அது பெயருக்குத்தான். என்னுடையது 7.5 மில்லிமீட்டர். அபர்ச்சரை எட்டில் வைத்து, ஃபோகஸ் வளையத்தை ஒன்றேகால் அடிக்குத் திருகிவிட்டால், அரை அடிக்குச் சற்று மேலிருந்து அடிவானம் வரை எல்லாம் பளிச்சென்று விழும். வளையத்தின் மேல் ஒரு செல்லோ டேப் ஒட்டிவிட்டு மறந்துவிடலாம். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

மறக்கக்கூடாதவை வேறு. உங்கள் கால் கட்டைவிரல் படத்தில் விழும். விரல் விழும். காலையில் எடுத்தால் உங்கள் நிழல் விழும். அடிவானத்தைப் படத்தின் நட்ட நடுவில் வைத்தால் நேராக இருக்கும். சற்று மேலே வைத்தால் குன்று மாதிரி எழும்பும். கீழே வைத்தால் சட்டி மாதிரி குழியும். அம்பகரத்தூர் வயலை நான் முதலில் எடுத்த படத்தில் காரைக்கால் மாவட்டமே ஊட்டி மாதிரி இருந்தது. முன்கண்ணாடி முட்டைக் கண் மாதிரி புடைத்திருப்பதால் ஃபில்டர் மாட்ட முடியாது. பத்திரம். முக்கியமாக, கிட்டே போக வேண்டும். பத்தடி தள்ளி நின்று எடுத்தால் மனுஷர்கள் எறும்பு. கை நீட்டித் தொடுகிற தூரத்துக்குப் போனால்தான் படம். ஆனால் ரொம்பவும் கிட்டே போய் ஒருவர் முகத்தை எடுத்தால் மூக்கு மட்டும் வரும். என் மைத்துனரை அப்படி எடுத்தேன். அதிலிருந்து போன் செய்தால் எடுப்பதில்லை.

*

இந்த லென்ஸை நான் வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது.

அம்பகரத்தூர், காரைக்காலிலிருந்து திருநள்ளாறு தாண்டிப் பேரளம் போகிற பாதையில் இருக்கிறது. எங்களுக்குத் தலைநகர் புதுச்சேரி. அது வடக்கே சுமார் 130 கிலோமீட்டர். கூப்பிடு தூரத்தில் தமிழ்நாடு. பத்ரகாளியம்மனுக்கு வைகாசியில் விழா. அதற்கு எங்கள் குடும்பம் எங்கிருந்தாலும் வந்துவிடும். வந்து தங்குவது அப்பாயி வீட்டில். நடுவில் சதுர முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், நாட்டு ஓடு.

அந்த வீட்டை இடித்துவிட்டு பெரியப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு மாடி வீடு கட்டுவதாக முடிவாகியிருந்தது. முடிவானது வக்கீல் மூலம். காரணம், இருவரும் 1999லிருந்து பேசுவதில்லை. சண்டை ஒரு தென்னை மரத்தில் ஆரம்பித்தது. மரம் பெரியப்பா பக்கம், காய் விழுவது சித்தப்பா பக்கம். 2018ல் கஜா புயல் வந்து அந்த மரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. மரம் போயிற்று; சண்டை அசையவில்லை. ஒரே வீட்டில் கிழக்குத் தாழ்வாரம் அண்ணனுக்கு, மேற்குத் தாழ்வாரம் தம்பிக்கு. நடுவில் முற்றம், பாகிஸ்தான் பார்டர் மாதிரி. அப்பா இருந்தவரை அவர்தான் தூது. 2011ல் அவரும் போய்விட்டார்.

அப்பாயிக்கு அப்போது 91 வயது. 1954ல் பிரெஞ்சுக் கொடி இறங்கியதைப் பார்த்தவர். போனில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "வீட்டை இடிக்கிறதுக்கு முன்னால இந்த முத்தத்துல எல்லாரையும் வச்சி ஒரு போட்டோ புடிச்சிக் குடுத்துடுடா. அந்தப் படத்துலதான் நான் இல்ல."

அந்தப் படம் என்பது கூடத்தில் மாட்டியிருக்கும் 1976ஆம் வருஷத்துப் படம். பெரியப்பா கல்யாணத்துக்கு மறுநாள் காரைக்காலிலிருந்து ஸ்டூடியோக்காரர் வந்து எடுத்தது. தாத்தா நடுவில் நாற்காலியில். பெரியப்பா விறைப்பாக. அப்பா தலை சீவாமல். சித்தப்பா பெல்பாட்டத்தில். வேலைக்காரப் பையனும் ஓரத்தில் பாதி விழுந்திருக்கிறான். அப்பாயி மட்டும் இல்லை. போட்டோக்காரருக்குக் காபி போட உள்ளே போயிருந்தாராம். வந்து பார்ப்பதற்குள் எடுத்து முடித்துவிட்டார்கள். யாருக்கும் தோன்றவில்லை. நாற்பத்தேழு வருஷம் கழித்து அவரே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்!

*

கோயில் விழாவுக்குப் போனேன். பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்டா."

சித்தப்பாவிடம் போனேன்.

"அவரு வர்றதுன்னா என்னை விட்டுடு தம்பி."

ஆளுக்கொரு ஓரத்தில் நிறுத்தலாம் என்றால், யாரை வலது பக்கம் நிறுத்துவது, யார் நாற்காலியில், யார் அப்பாயிக்குக் கிட்டே என்று அதற்கே இன்னொரு வக்கீல் வைக்க வேண்டும். தவிர, முற்றத்தில் பின்னால் நகர இடமில்லை. என் பழைய லென்ஸில் பாதிக் குடும்பம்தான் விழும். எந்தப் பாதி?

நான் ஒரு மரக்காலை எடுத்துவந்து முற்றத்தின் நடுவில் கவிழ்த்தேன். அதன் மேல் காமிராவை மல்லாக்கப் படுக்க வைத்தேன். லென்ஸ் ஆகாயத்தைப் பார்த்தது. ராபின் ஹில் மேகத்தைப் பிடித்தாரே, அதே வித்தை.

"பெரியப்பா, நீங்க சித்தப்பா பக்கத்துல நிக்க வேண்டாம். அவருக்கு நேர் எதிர்ல நில்லுங்க. சித்தப்பா, நீங்க இந்தப் பக்கம். எல்லாரும் சுத்தி நின்னு, கிணத்தை எட்டிப் பாக்கிற மாதிரி குனிஞ்சு பாத்தா போதும்."

எதிரில் நிற்பது இருவருக்கும் பிடித்திருந்தது. இருபத்துநாலு வருஷப் பழக்கமல்லவா? பதினேழு பேர் வட்டமாக நின்றோம். வட்டத்தில் முதல் இடமும் கிடையாது, கடைசி இடமும் கிடையாது. அப்பாயிக்குக் குனிய முடியாது என்பதால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மரக்காலை ஒட்டிப் போட்டு உட்கார வைத்தோம். டைமரைப் பத்து செகண்டுக்கு வைத்து, நானும் ஓடிப்போய் ஓர் இடுக்கில் நின்றேன். சிவப்பு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது.

"குனிங்க!" என்றேன்.

பெரியப்பாவும் சித்தப்பாவும் எதிலும் ஒருவருக்கொருவர் பின்வாங்கினவர்கள் அல்லர். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒரே வேகத்தில் குனிந்தார்கள். 'ணங்' என்று ஒரு சத்தம்.

அம்மன் கோயில் மேளம்கூட ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.

"பாத்துண்ணே" என்றார் சித்தப்பா. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தன்னை அறியாமல்.

பெரியப்பா நிமிரவில்லை. லென்ஸைப் பார்த்துக்கொண்டே, லென்ஸிடம் சொல்வது மாதிரி, "தலை இன்னும் கெட்டியாத்தான் வச்சிருக்கான்" என்றார்.

'க்ளிக்.'

*

பிறகு இன்னும் நாலைந்து படம் எடுத்தோம். எல்லோரும் ஒழுங்காகக் குனிந்து, ஒழுங்காகச் சிரித்த படங்கள். லாப்டாப்பில் வரிசையாகக் காட்டினேன். அப்பாயி முதல் படத்திலேயே கை வைத்தார். "இதுதான்டா வேணும்."

அந்தப் படம் எதிரே இருக்கும்போதுதான் இதை எழுதுகிறேன். நடுவில் ஆகாயம். அதைச் சுற்றித் தலைகள். சதுர முற்றத்தின் ஓட்டு விளிம்பு வட்டமாகிவிட்டது. பெரியப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு கையால் நெற்றியைப் பிடித்தபடி, கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள். எல்லோரையும்விடப் பெரிதாக விழுந்திருப்பது அப்பாயி முகம். நாற்காலியில் தாழ்வாக உட்கார்ந்திருந்ததால் அவர்தான் லென்ஸுக்கு ரொம்பக் கிட்டே. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பல் இல்லாத வாயால் அப்படி ஒரு சிரிப்பு.

அத்தை மகன் சிவில் என்ஜினீயர். வளைந்த கோடு அவனுக்கு ஆகாது. "சாஃப்ட்வேர்ல போட்டு நிமித்திடலாம் மாமா, அஞ்சு நிமிஷ வேலை" என்றான். நிமிர்த்திக் காட்டினான். ஓட்டு விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராகிவிட்டது. ஆனால் நிமிர்த்தும்போது மூலைகள் வெட்டுப்பட்டுப் போகும்.

"அந்த மூலையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

பழைய படத்தைத் திரும்பப் போட்டுப் பெரிதாக்கினோம். கீழ் மூலையில் சமையலறை வாசல். வாசற்படியில் வளைந்து, மெலிந்து, கையில் தட்டுடன் ஓர் உருவம். பெரியம்மா. எல்லோருக்கும் காபி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பதினேழு பேர் என்று நான் எண்ணியபோது அவரை எண்ணவில்லை. என்னைச் சொல்லி என்ன, யாருமே எண்ணவில்லை. லென்ஸ் எண்ணியிருக்கிறது. காபி தம்ளரைக்கூட விடவில்லை.

"நிமித்த வேண்டாம்" என்றேன்.

ஆவணியில் வீட்டை இடித்தார்கள். இப்போது இரண்டு மாடி வீடுகள் நிற்கின்றன. நடுவே மதில் சுவர். சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். அப்பாயி போக வர வசதிக்காகத்தானாம், வேறு ஒன்றும் இல்லையாம். இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். வட்டப் படமாகையால் எந்தப் பக்கம் மேல் என்பது மாட்டுகிறவர் இஷ்டம். பெரியப்பா வீட்டில் பெரியப்பா மேலே இருக்கிறார். சித்தப்பா வீட்டில் சித்தப்பா மேலே.

கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் விவரங்களைத் தட்டிப் பார்த்தால் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. லென்ஸ் என்ற இடத்தில் வெறும் ஒரு கோடு. என் காமிராவைப் பொறுத்தவரை அந்தப் படம் லென்ஸே இல்லாமல் எடுத்தது.